யானை தாங்கும் சீலிங்

5-8-61, சனி

காற்று. வீதி மண் முழுக்கக் கடைக்குள். ஹார்டுபோர்டு அடுக்கை மூன்று தரம் துடைத்தாயிற்று. ஆடி மாதம், வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. டீக்கடைக்காரர் கூட எட்டிப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குத் திருமயம் பஸ் முதலாளி அடைக்கலம் வந்தார். சொந்தமாக நாலு பஸ், வீட்டை ஒட்டியே ஒரு ஒர்க்‌ஷாப். நான் தலையில் மூங்கில் தட்டி சுமந்து ஆவூர்ச் சந்தைக்கு நடந்த காலத்தில் அவர் வண்டியில் என்னை ஏற்ற மாட்டார்கள், தட்டி மற்றவர் முகத்தில் குத்தும் என்று. இன்று அதே முதலாளி என் கடையில், என் நாற்காலியில். காப்பி வாங்கிக் கொடுத்தேன். டபரா புதுசு.

"சோறு திங்கிறப்ப எலையில சுண்ணாம்பு விழுகுது சுப்பையா. மழைக்கு ஒழுகல. ஆனா உதிருது. பேத்தி பொறந்துருக்கா. முப்பதாம் நாள் தொட்டில் போடணும். வர்றவுக தலையில எல்லாம் உதிர்ந்தா என்ன நெனைப்பாக?"

மகளுக்கு இங்கே டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பிடித்து முதலாளியம்மாவும் மகளும் தங்கியிருக்கிறார்கள். 23-ம் தேதி சாயங்காலம் ஊர் திரும்புகிறார்கள். 24 தொட்டில். அதற்குள் பெரிய கூடத்துக்கு சீலிங் போட முடியுமா என்பது கேள்வி.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் சீலிங் என்று தனியாகக் கடை வைத்திருப்பது நான் ஒருவன்தான். ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

காடாத்துணி: இழுத்துக் கட்டி வெள்ளை அடிப்பது. பழைய பங்களாக்களில் இருக்கும். மேலே எலி ஓடினால் அதன் நாலு காலும் கீழே தெரியும்.
பூப்போட்ட தகரம்: அழகு. வெயிலில் அடுப்பு.
தேக்குப் பலகை: நூறு வருஷம் இருக்கும். அவர் கேட்ட நாளுக்குள் ஆகாது.
பிளாஸ்டர்: மெட்ராஸ் ஆள் வர வேண்டும். வந்தால் போக மாட்டான்.
ஆஸ்பெஸ்டாஸ் தட்டைச் சீட்: தீப்பிடிக்காது. ஓரத்தில் ஆணி அடித்தால் முறுக்கு மாதிரி பிட்டுக்கொள்ளும்.
ஹார்டுபோர்டு: லேசு, வழவழப்பு, வெள்ளை அடித்தால் பால் மாதிரி. என் சரக்கு இதுதான்.
மூங்கில் தட்டி: காட்டவே இல்லை.

போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அட்டை மாதிரி இருக்கே, எம்புட்டுத் தாங்கும்?" என்றார். கடை நடுவில் மாட்டியிருக்கும் சாம்பிள் சட்டத்தை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துக் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினேன். நாற்பத்தாறு வயசு, தொந்தி வேறு. சட்டம் அசையவில்லை.

"யானை தொங்கினாலும் இப்பிடித்தான் மொதலாளி."

சிரித்துவிட்டார். சாம்பிள் சட்டம் விரல் தடி போல்ட்டில் கல் உத்தரத்தோடு முடுக்கியது. வீட்டில் போடுவது கம்பியில் தொங்குவது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு தயக்கம். "ஆடியில வீட்டு வேலை தொடங்கலாமா?"

"இது வீட்டு வேலை இல்லைங்க. வீட்டுக்குச் சட்டை தைக்கிறது. ஆடியில யாரும் சட்டை தைக்காம இருக்காகளா? ஆடித் தள்ளுபடியே துணிக்குத்தானே?"

திங்கட்கிழமை அளவு எடுக்கச் சொல்லிவிட்டார். ஆடியில் ஆர்டர். வீதியில் வேறு யாருக்கும் இல்லை.


7-8-61, திங்கள்

திருமயம். ராமையா ஆசாரியைக் கூட்டிப் போனேன். பதினாலு வருஷமாக என் வேலை எல்லாம் ஆசாரி கையில்தான். நல்ல கை, நீள வாய். நான் விற்பதை அவர் சீலிங் என்று சொல்ல மாட்டார். பொய் மச்சு என்பார்.

கூடம் 28 அடிக்கு 16. தேக்கு உத்தரம் ஏழு. மேலே கட்டை வரிசை, அதன்மேல் செங்கல், சுண்ணாம்பு. உத்தரம் ஒன்றில்கூடப் புழு இல்லை. இப்படி மரம் இனி எங்கே. சுண்ணாம்பு மட்டும் விரலால் தொட்டால் மாவு.

உத்தரங்களில் பழைய விளக்குக் கொக்கி பதினொன்று. எல்லாம் நான் போடும் மட்டத்துக்குக் கீழே நாலு விரல் இறங்கி நிற்கின்றன.

"லைட்டு வந்து ஆறு வருசமாச்சு. அறுத்துப் போடுங்க" என்றார் முதலாளி.

ஆசாரி ஏணியிலிருந்து: "அண்ணே, நடுவுல இருக்கிறது கொக்கி இல்ல. வளையம். தடியா இருக்கு."

"பெரிய விளக்கு தொங்கியிருக்கும்" என்றேன்.

"பொம்பளையாளுகள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ல?"

"சீலிங்குல அவுகளுக்கு என்ன தெரியும்? ஏறுன வேலையப் பாருங்க."

முதலாளியும் தலையாட்டினார். அவர் வீடு.

மதியம் அங்கேயே சாப்பாடு. மொச்சைக் குழம்பு. இலையில் சுண்ணாம்பு விழுந்தது உண்மை. மூன்று தரம் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.


10-8-61, வியாழன்

கொக்கிகள் அறுத்து முடிந்தது. பத்துக்கு ஒரு நாள், நடு வளையத்துக்கு மட்டும் அரை நாள். மூன்று ஆக்சா பிளேடு அதுவே தின்றது. அந்தக் காலத்து இரும்பு. அறுத்ததை எல்லாம் சாக்கில் கட்டி ஒர்க்‌ஷாப் மூலையில் போட்டோம்.

உத்தரத்திலிருந்து கம்பி இறக்கி, கம்பியில் சட்டம். சட்டத்தின் அடியில் ரீப்பர் என்னும் ஒல்லிக் கட்டை. ரீப்பரின் அடியில் போர்டு வரும். எல்லாம் கீழிருந்து மேலே ஆணி. போர்டின் பளு மட்டும்தான், ஆணி போதும்.

மட்டத்துக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நாலு மூலையும் நூல் பிசகவில்லை. ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பஸ்ஸில் திரும்பும்போது பின் சீட்டில் யாரோ: "அடைக்கலம் வீட்ல கூரைக்குக் கீழ கூரை போடுறாகளாம்." இன்னொருவர்: "பணம் இருந்தா தரைக்கு மேலயும் தரை போடலாம்."

பேசட்டும். ஊர் பேசுகிறது என்றால் வியாபாரம் நடக்கிறது.


13-8-61, ஞாயிறு

கடை லீவு. தலைக்கு எண்ணெய். வீட்டு அடுப்படிக் கூரையிலிருந்து ரசத்தில் கரி விழுந்தது. செல்லம் அதைக் கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறீங்க. நம்ம அடுப்படி கோமணத்தோட நிக்குது."

இவளுக்கு யார் சொன்னது சட்டை விஷயம்? கடைப் பேச்சு எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறது. தீபாவளிக்குள் போடுவதாகச் சொன்னேன். எந்தத் தீபாவளி என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷக் கல்யாணம்.


15-8-61, செவ்வாய்

காலை வீதியில் கொடி, மிட்டாய். பிறகு தி.மயம். போர்டு முக்கால்வாசி ஏறிவிட்டது. மூட்டுகளில் ஆசாரி இழைத்த பட்டிக் கட்டை. தலைமயிர் நுழையாது. என் பங்குக்கு, ஓரத்தில் சுவரைச் சுற்றி ஒரு சின்ன வளைவுப் பட்டி. அது என் யோசனை. மெட்ராஸில் கூட இப்படிப் பார்த்ததில்லை. பார்த்த இடம் எல்லாம் இரண்டுதான், இருந்தாலும்.


18-8-61, வெள்ளி

முடிந்தது. வெள்ளை டிஸ்டம்பர் இரண்டு கோட்.

பாய் விரித்து நானும் முதலாளியும் மல்லாந்து படுத்துப் பார்த்தோம். "மேகம் இல்லாத வானம் மாதிரி இருக்குய்யா" என்றார். நாலு பஸ் வைத்திருக்கும் மனுஷன் வாயில் இப்படி ஒரு வார்த்தை. ஜன்னல் வெளிச்சம் மேலே பட்டுக் கூடம் முழுக்கப் பரவுகிறது. பகலில் லைட் போட வேண்டாம்.

ஊரே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. கூட்டத்தில் ஒருவர்: "இதுல ஏதாச்சும் மாட்டலாமா?" நான் வாய் திறக்குமுன் முதலாளியே, "யானை தாங்கும். நான் கண்ணால பாத்தேன், சுப்பையா தொங்குனத" என்றார். எனக்கு மார்பு விரிந்தது. திருத்தவில்லை.

இன்னொரு நல்ல செய்தி. கீரனூர்ப் பக்கம் டூரிங் சினிமாக் கொட்டகை நடத்துகிறவர் ஒருவர் முதலாளிக்குச் சிநேகிதம். அவர் கல் கட்டடமாகத் தியேட்டர் கட்டப் போகிறாராம். 24-ம் தேதி விசேஷத்துக்கு வருகிறார், சீலிங்கையும் பார்ப்பார். தியேட்டர் சீலிங். அது கிடைத்தால் திருச்சியில் இருக்கிறவனும் என்னைத் தேடி வருவான்.

பெயிண்டர் மணியிடம் கடை போர்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: "யானை தொங்கினாலும் அசையாது." பக்கத்தில் சின்னதாக யானை. அவன் போட்டது பன்றி மாதிரி இருக்கிறது. தும்பிக்கையை நீட்டச் சொல்லியிருக்கிறேன்.


25-8-61, வெள்ளி

நேற்று எழுதவில்லை. கை எழுதும் நிலையில் இல்லை. இன்றும் வலது கட்டை விரலில் மரச் சிலாம்பு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை புது வேட்டி, புதுச் சட்டை. செல்லம் வெற்றிலை பாக்குத் தட்டு, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். அவள் வரவில்லை, தலைவலி. முதலாளியின் பஸ்ஸிலேயே ஏறினேன். முன் சீட் கொடுத்தார்கள். கண்டக்டர் காசி டிக்கெட் கிழிக்கவில்லை.

"அண்ணே, ஒங்க சீலிங்குல கொக்கி நானும் டிரைவரும்தான் முடுக்குனோம். விடியக்காலையில."

"என்ன கொக்கி?"

"தொட்டிலுக்குண்ணே. மொதலாளியம்மா நேத்து வந்ததும் அண்ணாந்து பாத்து, தொட்டில் வளையம் எங்கன்னு கேட்டாக. அந்த வீட்ல எல்லாப் பிள்ளையும் அந்த வளையத்துலதானாம். மொதலாளி முழிச்சாரு. பெறகு, வளையம் என்னத்துக்கு, இதே யானை தாங்கும்னு சொல்லிட்டாரு. நடு ரீப்பரு பாத்து நல்லா முடுக்கிருக்கோம்."

அந்த ரீப்பர் சட்டத்தோடு நிற்பது கீழிருந்து அடித்த ஆணியில். கீழ்நோக்கி இழுத்தால் ஆணி வழுக்கிக்கொண்டு வரும். ஒரே தரத்தில் வராது. ஆட்ட ஆட்ட வரும். தொட்டில் ஆட்டுவதற்குத்தானே போடுகிறார்கள்.

பஸ்ஸை வேகமாக விடச் சொன்னேன். நமணசமுத்திரத்தில் ஒருவர் ஆட்டை ஏற்ற நின்றார். ஆடு ஏற மாட்டேன் என்றது. இறங்கி நானே பின்னாலிருந்து தள்ளினேன், புதுச் சட்டையோடு. காசி சிரித்தான்.

போய்ச் சேரும்போது பத்தே முக்கால் தாண்டிவிட்டது. நல்ல நேரம் பன்னிரண்டு வரை. கூடம் நிறைய ஜனம். சந்தன வாசனை. நடுவில் மஞ்சள் பட்டுச் சேலையில் தொட்டில், பூச்சரம் சுற்றி. முன்வரிசை நாற்காலியில் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர். அவர்தான் கொட்டகைக்காரர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பார்வை முழுக்க மேலே.

தொட்டிலில் அம்மிக் குழவி கிடந்தது. பிள்ளைக்கு முன்னால் கல்லைக் கிடத்துவது அவர்கள் வழக்கம், கல் போல் ஆயுசு என்று. பிள்ளையின் மூன்று பங்கு பளு இருக்கும். முதலாளியின் மகள் வள்ளி குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "வாங்க சுப்பையா, வாங்க. பாத்தீகளா? குழவியவே தாங்குது. ஒங்க சீலிங்கு ஒங்க சீலிங்குதான்." கொட்டகைக்காரர் பக்கம் திரும்பி, "இவருதான்" என்றார்.

உண்மைதான். தாங்கிக்கொண்டிருந்தது. ஆசாரி தூண் ஓரம் நின்றார், அவரும் விருந்தாளி. அவர் கண் மேலே போன இடத்துக்கு என் கண்ணும் போனது. கொக்கிக்கு ஒரு முழம் தள்ளி, டிஸ்டம்பரில் ஒரு கோடு. தலைமயிர் கனம். காலையில் அது இருந்திருக்காது. வேறு யார் கண்ணுக்கும் படாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் படும்.

உள்ளதை எழுதுகிறேன், இதை நான்தான் படிக்கப் போகிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மூச்சு விடும் நேரம். குழவியையே தாங்கியது, பிள்ளை லேசுதானே. இன்றைக்கு நாலு ஆட்டு ஆட்டுவார்கள், அவ்வளவுதானே. கூட்டம் கலைந்ததும் முதலாளி காதில் போட்டு, நாளைக்கு வந்து கம்பி கூட்டிக்கொள்ளலாம். தியேட்டர் சீலிங் கையில் இருக்கும்.

பெரியம்மா ஒருத்தி குனிந்து குழவியை வெளியே எடுத்தாள். எடுத்தவுடன் ரீப்பர் எழும்பிக் கொஞ்சம் முனகியது. வள்ளி பிள்ளையை நீட்டினாள்.

"ஆத்தா, பிள்ளையக் கிடத்தாதீங்க."

என் குரல்தான். வள்ளி கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னய்யா?" என்றார் முதலாளி.

"இது தாங்காதுங்க."

"குழவி தாங்குச்சே. யானை தாங்கும்னீகளே. நானே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"கடையில நான் தொங்குனது கல் உத்தரத்துல முடுக்குன சட்டம். இது கம்பியில நிக்குது. இது தன் பளுவத்தான் தாங்கும். ஒங்ககிட்ட அப்ப சொல்லல. தப்பு என்னோடது."

பின்னாலிருந்து ஒருவர், "நல்ல நேரம் பாத்துச் சொல்றாரு பாரு." ஒருத்தி, "பயங்காட்டி மேல காசு வாங்கப் பாக்குறாரோ?" முதலாளி முகம் கறுத்தது. "சபையில என்னையக் கேவலப்படுத்தாதீங்க சுப்பையா. காசி, அந்தக் கொக்கிய ஆட்டிப் பாரு." காசி போய் ஒரு கையால் ஆட்டினான். நின்றது. "நல்லாத்தான் இருக்கு மொதலாளி" என்றான். வள்ளி மறுபடியும் பிள்ளையை நீட்டினாள்.

இனிப் பேசிப் பயனில்லை. போய்க் கொக்கியிலிருந்து தொட்டில் சேலையை அவிழ்த்து அந்தப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்தேன். கடையில் செய்தது போலவே காலைத் தூக்கினேன்.

ஒன்று, இரண்டு எண்ணியிருப்பேன். ஆணிகள் ஒவ்வொன்றாக வருவது காதில் கேட்டது. ரீப்பர், அரைப் போர்டு, பழைய சுண்ணாம்பு, நான், எல்லாம் சேர்ந்து தரையில். புதுச் சட்டை போச்சு. தலையில் வெள்ளை.

சத்தம் அடங்கியதும் யாரோ ஒரு கிழவர், "யானை விழுந்துருச்சு" என்றார். கூடமே சிரித்தது. வள்ளி சிரிக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா சௌந்தரம் வந்தார்கள். நெடிய உருவம், மெல்லிய குரல். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள்.

"வளையத்த ஏன் அறுத்தீக?"

"விளக்கு வளையம்னு நெனச்சேங்க."

"இவுகளக் கேட்டீகளா?"

"கேட்டேன். அறுக்கச் சொன்னாக."

கணவரைப் பார்த்தார்கள். "இவுகளே அதுல கெடந்தவுகதான்." முதலாளி துண்டால் முகம் துடைத்துக்கொண்டார். "எனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்?" என்றார். பெண்கள் பக்கம் இன்னொரு சிரிப்பு.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா?" என்றார்கள் என்னிடம். ஆசாரி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஏணியில் சொன்னதை இப்போது ஞாபகப்படுத்தாமல் இருந்தார். அதற்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நல்ல நேரத்தில் இன்னும் ஐம்பது நிமிஷம். அங்கிருந்து நானே கையில் எடுத்துக்கொண்டேன். காசியை ஒர்க்‌ஷாப்புக்கு விரட்டிச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னேன். அறுத்த வளையம் முழுசாக இருந்தது, காம்பு மட்டும்தான் போயிருந்தது. மெக்கானிக் பஸ் ஸ்பிரிங்கில் போடும் லாடம் மாதிரி இரும்பு ஷேக்கிள் ஒன்றும் அதன் போல்ட்டும் கொண்டுவந்தார். ஆசாரி ஓட்டை வழியாக ஏறி உத்தரத்தில் குறுக்கே துளை போட்டார். கீழே சேலைகளுக்கு மேல் மரத்தூள். யாரும் நகரவில்லை. துளையில் போல்ட், போல்ட்டில் ஷேக்கிள், ஷேக்கிளில் பழைய வளையம். பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது.

"இது எதத் தாங்கும்?" என்றார்கள் சௌந்தரம்மா.

மெக்கானிக்: "அம்பது ஆளு ஏறுன பஸ்ஸத் தாங்குதும்மா."

"நீங்க சொல்லுங்க" என்றார்கள் என்னிடம்.

வளையத்தில் தொங்கினேன். ஆசாரியையும் கூப்பிட்டேன், அவரும் என் இடுப்பைப் பிடித்துத் தொங்கினார். இரண்டு பேரும் புடலங்காய் மாதிரி ஒரு நிமிஷம். அசையவில்லை.

தொட்டில் கட்டினார்கள். திரும்பக் குழவி, பிறகு பிள்ளை. பேர் மீனாள். ஓட்டை வழியாக ஏழு உத்தரத்தில் ஒன்று தெரிந்தது, அதிலிருந்து வளையம், அதிலிருந்து பட்டுச் சேலை. பிள்ளை தூங்கிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் சுண்ணாம்பு. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் காட்டிவிட்டு ஓரத்தில் வைத்தார்.

கொட்டகைக்காரர் என்னோடு பேசவில்லை. பாயசம் வருமுன் எழுந்து காரில் போய்விட்டார்.


26-8-61, சனி

கடையில் ஈ. வீதியில் போகிறவன் எல்லாம் போர்டைப் பார்த்துவிட்டுப் போகிறான். "என்ன யானைக்காரரே, அடி பலமா?" டீக்கடைக்காரர் இன்று எட்டிப் பார்த்தார், அதுவும் சிரிக்க.

செல்லம் ஊசி வைத்து விரலில் இருந்த சிலாம்பை எடுத்தாள். முழுக் கதையும் கேட்டாள். எடுத்த சிலாம்பை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்ல தேக்கா?" என்றாள். ரீப்பர் தேக்கு இல்லை, கோங்கு என்றேன். அத்தோடு விட்டுவிட்டாள். சாயங்காலம் கேட்காமலேயே கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

தியேட்டர் போனது போனதுதான். ஆனால் ஒன்று. அரைப் போர்டுதான் வந்தது. பக்கத்துப் போர்டுகள், மூட்டுப் பட்டி, ஓர வளைவு, எதிலும் ஒரு கீறல் இல்லை. நான் விழுந்த வேகத்துக்கு வேறு எவன் வேலையாக இருந்தாலும் கூடம் முழுக்கக் கீழே வந்திருக்கும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதிக்கொள்கிறேன்.


29-8-61, செவ்வாய்

தி.மயம். ஓட்டையை அடைக்கப் போனோம். புதுப் போர்டு ஏற்றி நடுவில் வளையம் வரும் அளவுக்கு மட்டும் வட்டமாக அறுத்தேன். ஓரம் பிசிர் தெரிகிறது. மரத்தில் ஒரு பூ செதுக்கி மூடலாம் என்றார் ஆசாரி. ஒரு வாரம் ஆகும்.

சௌந்தரம்மா கேட்டுக்கொண்டே உள்ளே போய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தார்கள். தன் கல்யாணத்தில் வந்ததாம். விளிம்பில் தாமரை இதழ் அடித்தது. "இது நடுவுல ஓட்டை போட்டா ஆகுமா?"

"சீர்த் தட்டுங்க. ஓட்டை போடவா?"

"பரணுல கெடந்து பச்சை பிடிக்கிறதுக்கு அங்கன இருக்கட்டும்."

நடுவில் துளை, ஓரத்தில் நாலு ஸ்குரு, கவிழ்த்து மாட்டினோம். புளி போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்தார்கள். வெள்ளைச் சீலிங் நடுவில் சூரியன் மாதிரி. அதன் நடுவிலிருந்து வளையம். தொட்டில் ஆடும்போது வெளிச்சம் தாம்பாளத்தில் பட்டுச் சுவரில் நகர்கிறது. பிள்ளை அதையே பார்க்கிறது.

முதலாளி மறுபடியும் பாய் விரித்தார். இந்தத் தடவை நாலு பேர் படுத்துப் பார்த்தோம், காசியும் மெக்கானிக்கும் சேர்த்து.

திரும்பும்போது அதே தெருவில் இரண்டு வீட்டில் கூப்பிட்டுக் கேட்டார்கள், தாம்பாளம் வைத்த சீலிங் வேண்டும் என்று. முதல் வீட்டில் டேப்பை எடுக்குமுன் கேட்டேன், "வீட்டு அம்மா யாரு? கொஞ்சம் கூப்பிடுங்க." அந்த அம்மா வந்து நாலு இடம் காட்டினார்கள். தொட்டில், ஊஞ்சல், நெல் அளக்கும் தராசு, நாலாவது வெறுமனே, "இருக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்." ஆசாரி மூக்கைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.


3-9-61, ஞாயிறு

கடை லீவு என்றாலும் கணக்குப் பார்க்கத் திறந்து வைத்திருந்தேன். வாசலில் கார். கொட்டகைக்காரர். தங்க பிரேம் கண்ணாடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போர்டில் இருந்த யானையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பன்னியா?"

"யானைங்க. தும்பிக்கை நீட்டச் சொல்லியிருக்கேன்."

"கல் கட்டடமா தியேட்டர் கட்டுறேன். எழுநூறு பேரு ஒக்காருற மாதிரி. மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுக்குக் கீழ சீலிங். மழை பேஞ்சா வசனம் கேக்கணும். நடுவுல எட்டுக் கரண்டு காத்தாடி. ஒங்க சீலிங் எம்புட்டுத் தாங்கும்?"

சாம்பிள் சட்டம் என் தலைக்கு மேலேதான் இருந்தது. கை உயரவில்லை.

"தன்னத் தாங்கும். அம்புட்டுதாங்க. காத்தாடி ஒவ்வொண்ணும் கூரை இரும்புல இருந்து தனிக் கம்பியில வரணும். சீலிங்குல ஓட்டை மட்டும் விடுவேன், தொட விட மாட்டேன்."

"இதே கேள்விய திருச்சியில ரெண்டு பேருகிட்ட கேட்டேன். எல்லாம் தாங்கும்னாக."

நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எழுநூறு பேரு தலைக்கு மேல இருக்கிற சாமானுங்க. அன்னிக்கு நான் முன் வரிசையில இருந்தேன். நீங்க சொன்னதையும் கேட்டேன், விழுந்ததையும் பாத்தேன். பாயசத்துக்கு முன்னால எந்திரிச்சது எனக்குச் சக்கரை, அதுக்காக." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அளவெடுக்க எப்ப வாரீங்க?"

புதன்கிழமை என்றேன். ஆசாரியையும் கூட்டி வருவேன் என்றேன்.

போகும்போது கதவருகில் நின்று, "தொங்கிக் காட்டுவீகன்னு நெனச்சேன்" என்றார்.

"ஒங்க தியேட்டர்ல, கூரை இரும்புல தொங்கிக் காட்டுறேன்."

முதல் தடவையாகச் சிரித்தார்.

எழுநூறு பேர். மூங்கில் தட்டி சுமந்தவன் போட்ட சீலிங்குக்குக் கீழே எழுநூறு பேர். கல்லாவுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தேன்.


4-9-61, திங்கள்

தூறல். பெயிண்டர் மணி ஏணி போட்டு யானை வரியைச் சுரண்டினான். என்ன எழுத என்று கேட்டான். யோசித்து வைத்திருந்தேன்: "சீலிங் தன்னைத் தாங்கும். கொக்கி உங்களைத் தாங்கும்." பாதி எழுதிவிட்டு, யானையை என்ன செய்ய என்றான். விட்டுவிடச் சொன்னேன். தும்பிக்கை இப்போது சரியாக இருக்கிறது.

ஆசாரிக்கு வேட்டி எடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மதியம் வீட்டு அடுப்படிக்கு அளவு. ஏணியைச் செல்லம் பிடித்துக்கொண்டாள். 9 அடிக்கு 11. உத்தரம் பனை, நல்ல வைரம். மேலே ஏறியவன் ஞாபகம் வந்து கீழே பார்த்துக் கேட்டேன்.

"உறி எங்க தொங்கணும்?"

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஏணியை விட்டுவிட்டுப் போய், அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கையை நேரே மேலே நீட்டினாள்.

"இங்கன. பூனைக்கு எட்டாம, எனக்கு எட்டணும்."

அடுப்பிலிருந்து இரண்டடி. சுவரிலிருந்து ஒன்றரை. அவள் கை உயரம் 6 அடி 2 அங்குலம்.